ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி

உளுந்தங்கஞ்சிக்குக் கருப்பட்டியை அப்படியே தட்டிப் போடக் கூடாது. தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, கடைசியில்தான் ஊற்ற வேண்டும். என் மனைவி தேவகிருபை அதை அவ்வளவு பக்குவமாகச் செய்வாள். எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் குனிந்து நிமிர்ந்துவிட்டுக் கரையேறுகிறவனுக்கு அந்தக் கஞ்சி உள்ளே இறங்கினால்தான் உயிர் வரும். நீங்களும் ஒரு ஞாயிறு வந்து குடித்துப் பார்த்திருக்கலாம், ஐயா. உங்கள் நிலையத்துக்கும் அழைப்பு கொடுத்திருந்தோம்.

என் பெயர் தவசிமுத்து. சொந்த ஊர் நாசரேத் பக்கம். திருவொற்றியூரில் ஆணி, கயிறு, பெயிண்ட் விற்கிற கடை வைத்திருக்கிறேன். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. உங்களுக்குப் பாதி தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறவர் வசதிக்காக முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகன், ஆன்றோ. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கும் நடுத் தடுப்புக்கும் இடையில் அவன் பைக் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு தேவகிருபை வாசல் படி இறங்கவில்லை. கோவிலுக்குக்கூடப் போகவில்லை. பிள்ளையின் சவப்பெட்டியை மூடிய இடத்தில் நின்று எப்படிப் பாட்டுப் படிப்பது என்று ஒரே ஒரு முறை கேட்டாள், பிறகு அதையும் கேட்கவில்லை. நான் கடையடைத்துத் திரும்பும்போது காலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருப்பாள், விளக்குப் போட்டிருக்க மாட்டாள். அந்தக் கதவுக்குச் சாவி போட எனக்குப் பயமாக இருந்தது. கடையில் வேலை இல்லாவிட்டாலும் ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்களை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது மதிதான். ஆமாம், இறந்துபோன மதிதான். ஆன்றோவோடு கல்லூரியில் படித்தவள், வியாசர்பாடிப் பெண், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ‘எண்ணூர் கழிமுக நண்பர்கள்’ என்று ஒரு குழு வைத்திருந்தாள். ஞாயிறு காலையில் குப்பை பொறுக்குவது, அலையாத்திச் செடி நடுவது, பிள்ளைகளுக்கு நாரையையும் கொக்கையும் காட்டுவது, வெயில் ஏறினால் கரையில் கபடி. ஒரு நாள் விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குள் வந்தாள். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, “இப்டியே வூட்ல குந்திகினு இருந்தா இன்னா ஆவறது? கெளம்புங்க, ரெண்டு பேரும்” என்றாள். ஆன்றோவும் இப்படித்தான் அதட்டுவான். கிளம்பிவிட்டோம்.

அந்த முதல் ஞாயிற்றிலேயே தேவகிருபை பேசினாள். தான் காய்ச்சிக் கொண்டுபோன கஞ்சியை வாங்கிக் குடித்த ஒரு பையனிடம் “இனிப்பு போதுமா?” என்று கேட்டாள். வீட்டில் மாதக்கணக்கில் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, அங்கே கேட்டாள். அதன் பிறகு எந்த ஞாயிறும் நாங்கள் தவறவில்லை. நான் கண் விழிக்கும் முன்பே உளுந்து வெந்திருக்கும். புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பாள், அவ்வளவு ஆசை. கழிமுகத்திலும் நிழலில் உட்கார்ந்தபடியே, “முடிஞ்சிட்டா? இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று அடிக்கடி விசாரிப்பாள். வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்பதில் அவளுக்கு அத்தனை அக்கறை.

எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. அந்த ஆற்றுப் படுகையில் கண்ட இடத்தில் கால் வைக்க முடியாது. அனல்மின் நிலையத்திலிருந்து பல வருடத்துச் சாம்பல் வந்து படிந்து, மேலே ஆடை கட்டியது போல் இறுகியிருக்கும். கீழே வெறும் குழம்பு. எங்கே தரை தாங்கும் என்று காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், சவுக்குக் கம்புகளில் சிவப்புத் துணி கட்டி வழி முழுக்க நட்டு வைப்பேன். கம்பை ஒட்டித்தான் எல்லோரும் நடக்க வேண்டும். சேற்றில் இறங்கும் முன் ஆளாளுக்குத் தங்கள் போனை என்னிடம் கொடுத்துவிடுவார்கள், ஒரு வாளியில் போட்டு வைத்திருப்பேன். அவசரத்துக்கு என் கடையிலிருந்தே ஒரு வெள்ளை நைலான் கயிறும் கொண்டுபோவேன். “அண்ணாச்சி கம்பு நட்டுட்டாரா?” என்று கேட்காமல் ஒருவரும் இறங்க மாட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அசோகன்கூடக் கேட்பான். அது நன்றாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து கூடிய முதல் கூட்டத்தில் மதி ஒரு பேச்சை எடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து கஞ்சி வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்துவிடலாம் என்றாள். நான் சிரித்துக்கொண்டே ஏன் என்று கேட்டேன்.

“ஆன்ட்டி பாவம், அண்ணாச்சி. காலங்காத்தால எய்ந்து அவ்ளோ பேருக்கு ஆக்கிகினு வர்றாங்க. அவங்க வூட்லயே ரெஸ்ட் எடுக்கட்டும். இஷ்டப்பட்டா வரட்டும், இல்லாங்காட்டி வோணாம்.”

அசோகனும் கூடவே தலையாட்டினான். “அதான் கரீட்டு. நீ மட்டும் வா, அண்ணாச்சி. நீ இல்லாம கம்பு எவன் நட்றது?”

உப்புப் பெறாத விஷயம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. கஞ்சி இல்லையென்றால் தேவகிருபை வரக் காரணம் இல்லை. வராவிட்டால் மறுபடியும் அந்த நாற்காலி, விளக்குப் போடாத அந்த வீடு. வாரம் முழுக்க அந்த ஒரு காலையை நம்பித்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவளை நம்பி என்று சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் எல்லாம். மதியிடம் தனியாக இரண்டு முறை பேசிப் பார்த்தேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஆன்ட்டி மூஞ்ச சரியா பார்க்கறதே இல்ல, அண்ணாச்சி” என்றாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் சொல்கிற பேச்சா அது? ஆனாலும் நான் கோபப்படவில்லை. நான் கோபக்காரன் இல்லை, கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போலக் கம்பு நடப் போனேன். கடைசி இரண்டு கம்புகளை மட்டும் இடப்பக்கமாகத் தள்ளி, சாம்பல் ஆடை கட்டியிருந்த இடத்தில் நட்டேன். துணியைக்கூட நன்றாக இறுக்கிக் கட்டினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

வேறு யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வருவதற்கு முன்னால் செயலாளர் என்ற முறையில் தான் ஒரு முறை வழி முழுக்க நடந்து பார்க்க வேண்டும் என்பது மதியே வைத்துக்கொண்ட விதி. பிள்ளைகள் வருகிற இடம், முதலில் என் கால்தான் படணும் என்பாள். நான் டிவிஎஸ்ஸில் முன்னால் போய்விடுவேன், அவளும் வந்துவிடுவாள். அசோகன் வெகு நேரம் கழித்துத்தான் தேவகிருபையையும் கஞ்சிப் பானையையும் மினி வேனில் ஏற்றிக்கொண்டு வருவான். அன்றும் அப்படித்தான். அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினாள். இந்தத் தடவை நாற்று எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனாள்.

கால் மாட்டும், பயந்துபோவாள், நான் கயிற்றைப் போட்டு இழுப்பேன், அந்த நன்றியில் கஞ்சிப் பேச்சு அடங்கிவிடும். நான் நினைத்தது இவ்வளவுதான் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை. அன்றைக்குக் கடல் ஓதத்தில் எப்போது வெள்ளம் ஏறும் என்பதையும் நான் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தேன்.

முதலில் தொடை வரை இறங்கினாள். உதறினாள், இடுப்பு வரை போயிற்று. “அண்ணாச்சி, காலு உள்ள போய்கினே கீது. கயிறு போடுங்க.”

அசையாதே என்றேன். அது சரியான ஆலோசனைதான். கயிறு என் கையில் இருந்தது. எறிந்தால் எட்டுகிற தூரம்.

“மதி, கஞ்சி பழையபடியே இருக்கட்டும்னு எல்லார்ட்டயும் சொல்லிரு, என்ன?” என்றேன்.

அவளுக்கு உடனே புரியவில்லை. என் முகத்தையும் கயிற்றையும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். “சொல்றேன், அண்ணாச்சி. இன்னா வோணா சொல்றேன். மொதல்ல கயிறப் போடுங்க.”

நான் வியாபாரி, ஐயா. வேறு வழியில்லாதவர் சொல்கிற ‘சரி’ கணக்கில் சேராது. அது போக, இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கரையேற்றினால் கம்பைப் பற்றிச் சொல்வாள். அத்தோடு ஞாயிறே போய்விடும், எனக்கும் தேவகிருபைக்கும். நிற்க நிற்கக் கயிற்றைப் போடுவது கடினமாகிக்கொண்டே போனது. அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் அது விளங்கும். வாய்விட்டு அழுதேன். மனசு இல்லாதவன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

வெள்ளம் மார்பளவு ஏறியபோது அவள் கத்துவதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் நிதானமாகவே கேட்டாள். “ஆன்ட்டிய ஒரு தபாவாவது கேட்டீங்களா, அண்ணாச்சி? அவங்களுக்கு இன்னா வோணும்னு?”

என்னிடம் அவள் பேசியது அதுதான் கடைசி. பிறகு அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து, வாளியில் போடாமல் என் சட்டைப் பையிலேயே வைத்திருந்த அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், ‘அம்மா’ என்று இருந்தது. எடுத்து என்ன பேசுவது? அடித்து ஓயட்டும் என்று பையிலேயே வைத்துவிட்டேன்.

எல்லாம் அடங்கிய பிறகு, கால் தாங்குகிற வழியாக நானே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அந்த இரண்டு கம்புகளையும் எட்டிப் பிடுங்கி ஓட்டத்தில் விட்டேன். பிறகு கரையேறிச் சத்தம் போட்டேன். அசோகன் வேனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். கயிறு போட்டேன், பிடிக்க முடியவில்லை என்றேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தபோது மதியின் அம்மா கெங்கம்மா என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எம்பொண்ண காப்பாத்த நீ ஒர்த்தனாச்சும் எறங்கினியே, நைனா” என்றார். நல்ல மனுஷி.

அடுத்த ஞாயிறு மதி பெயரில் செடி நடலாம் என்று ஏற்பாடாயிற்று. அத்தனை பேர் எந்த ஞாயிறும் வருவதாகச் சொன்னதில்லை. பெரிய பானையை இறக்கிக் கொடுத்து, உளுந்து ஊறப்போடச் சொன்னேன். தேவகிருபை பானையைப் பார்க்கவில்லை. கொக்கியில் தொங்கிய கயிற்றைக் கையில் எடுத்து, முழுக்கத் தடவிப் பார்த்தாள். அந்த ஆற்றில் விழுந்த எதுவும் சாம்பல் ஒட்டாமல் வெளியே வராது. கயிறு கடையிலிருந்து எடுத்து வந்த வெள்ளையாகவே இருந்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டி, இறங்கிப் போய்விட்டாள். பையன் போன பிறகு அவள் தனியாகத் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. உங்களிடம்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியாது.

அவள் மீது எனக்கு வருத்தம் இல்லை. கம்பை மாற்றி நட்டது நான்தான், கயிற்றைப் போடாமல் நின்றதும் நான்தான், மதியைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. நேற்று உங்கள் மேசைக்கு முன்னால் என்னைப் பார்த்து அவள் ஒன்று சொன்னாள், காவலரும் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் ஒரு ஞாயித்துக்கெழமகூட இஷ்டப்பட்டு வரல. வீட்ல இருக்க ஒங்களுக்குத்தான் பயமா இருந்துச்சி. தனியாப் போவியளேன்னு கூட வந்தேன். அந்த மதிப் பிள்ளட்ட மட்டுந்தான் அதச் சொன்னேன்.” துக்கத்தில் இருக்கிறவள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். அதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா.