கழுத்தைப் பார்த்துச் சொன்னவன்

...அதான் சொல்றேன்க்கா, கட்டி எனக்கு, கோவம் மட்டும் எங்க வீட்டுக்காரருக்கு! 'ஊர்ல இத்தனை டாக்டர் இருக்க, ஜெயில்ல இருக்கறவன்கிட்டயா போய்க் காட்டுவே?'ன்னு ஒரே சத்தம். நானா காட்டினேன்? நான் பத்திரிகைக்காரி. அந்த ஆளைப் பத்திப் புத்தகம் எழுதப் பேட்டி எடுக்கப் போனேன். அவ்ளோதான்!

எந்த ஆளா? அட, வயசான நோயாளிங்களை ஊசி போட்டே கொன்னானே, அந்த டாக்டர்தான்! ஐயோ, பயப்படாதீங்க, ஆயுள் தண்டனை, உள்ளதான் இருக்கான்... உங்க கட்டில்ல தலகாணி சரியுது பாருங்க.

பார்த்தா கொலைகாரன்னே தெரியாதுக்கா. நல்லா சிரிச்ச முகம். ஏன்யா கொன்னேன்னு கேட்டா பூனை வளர்க்கறதைப் பத்திப் பேசுவான். எரிச்சல்னா எரிச்சல்! ஒருநாள் நான் தண்ணி குடிக்கறதையே பார்த்துக்கிட்டு இருந்தான். 'முழுங்கும்போது கழுத்துல இடது பக்கம் ஏதோ ஏறி இறங்குது, சீக்கிரம் காட்டுங்கம்மா'ன்னான். உடம்பே கூசிப்போச்சு. சும்மா பயமுறுத்தறான்னு நினைச்சேன். காட்டினா... நிஜம்! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பரவியிருக்குமாம்.

இப்ப நீங்களே சொல்லுங்க, இவனுக்கு நான் நன்றி சொல்லணுமா? அத்தனை பேரைக் கொன்னவனுக்கு? தூக்கமே போச்சு. பதிப்பாளர் வேற, 'இதையே முதல் அத்தியாயமா வைங்க, பிச்சுக்கிட்டுப் போகும்'ங்கறார். வாயில நல்லா வந்துச்சு...

கடைசில யார்கிட்ட கேட்டேன் தெரியுமா? அவன் கொன்ன ஒரு அம்மாவோட பொண்ணுகிட்ட. தையல் கடை வெச்சிருக்கா. போலீஸே நம்பாதப்ப விடாம அலைஞ்சு அவனை உள்ள தள்ளினவ. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மிஷினை நிறுத்திட்டு என் கழுத்தையே பார்த்தா. 'அவனுக்கு எதுக்கு நன்றி? எங்கம்மாவுக்குச் சொல்லுங்க. அவங்க செத்ததாலதானே அவன் ஜெயிலுக்குப் போனான், நீங்க அவன் எதிர்ல போய் உக்காந்தீங்க'ன்னா. அப்புறம் அவளே சிரிச்சுட்டா. 'ஆபரேஷன் முடியட்டும், தழும்பு தெரியாம நல்ல காலர் வெச்சு சட்டை தெச்சுத் தரேன்'னா. அன்னிக்குத்தான்க்கா நல்லா தூங்கினேன்.

முதல் அத்தியாயம் அந்த அம்மாவைப் பத்தித்தான். பதிப்பாளர் மூஞ்சியப் பார்க்கணுமே! ஹா... ஐயோ, சிரிச்சா கழுத்து இழுக்குது.

வாங்க சிஸ்டர், வாங்க... எனக்கில்லையா? அக்காவுக்கா ஊசி? போடுங்க போடுங்க, இதோ இங்கதானே... அக்கா? அக்கா! அட, செருப்பைக்கூட மாட்டாம எங்க ஓடினாங்க?