கிருசிகா மஞ்சள்

பெயர் விஷயத்தில் நான் பெரிய ஆசைக்காரன் அல்ல. பள்ளிவாசலுக்குக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ‘ஸிராஜ் ஹாஜியார்’ என்று எழுதியது பெயின்டரின் உற்சாகம்.

கல்முனையில் பாம்பு வளர்க்கும் மூன்று பேர் சேர்ந்து ‘கிழக்கிலங்கைச் சர்ப்ப நிறப்பெயர்ப் பேரவை’ வைத்திருக்கிறோம். நான் தலைவர், றஊப் செயலாளர், கிளெய்டன் பொதுமக்கள்.

என்னிடம் ஒரு மஞ்சள் சோளப்பாம்பு, விஷமில்லாத பெட்டை. அந்த நிறத்துக்கு ‘ஸிராஜ் மஞ்சள்’ என்று பெயர் வைத்திருந்தேன். கிளெய்டனிடமும் அதே மஞ்சளில் ஓர் ஆண். டெங்குவில் போன மகளின் பெயரை அவன் அதற்கு வைத்திருந்தான்: ‘கிருசிகா மஞ்சள்’. என்னுடையதற்கு முந்திய பெயர்.

பேரவையின் விதியை எழுதியவன் நானே. இரண்டு நிறமும் ஒரே மரபணு என்றால் முந்திய பெயர் நிற்கும், பிந்தியது அழியும். அறிய ஒரே வழி, இரண்டையும் இணைசேர்ப்பது. குஞ்சுகள் எல்லாம் மஞ்சளாக வந்தால் மரபணு ஒன்றுதான்.

முட்டைகள் என் வீட்டுப் பெட்டியில் இருந்தன. பாம்பு முட்டையை இட்டபடியே விட வேண்டும். கவிழ்த்தால் கரு மூச்சடைத்துச் சாகும். மேற்பக்கம் தெரிவதற்காகக் கிளெய்டன் ஒவ்வொன்றிலும் பென்சிலில் கோணல் சிலுவை போட்டான்.

“முட்டைக்கும் ஞானஸ்நானமாடா?” என்றான் றஊப்.

“காவலுக்கு மச்சான்.” மூத்தவன் என்று ‘நானா’ போட்டு என்னிடம் கேட்டான். “எல்லாம் மஞ்சளா வந்தா ஊரெல்லாம் அவள்ட பேரு சொல்லும், என்ன நானா?”

“ஓம் தம்பி,” என்றேன்.

ஒன்றும் பொரிக்கவில்லை. கிளெய்டன் பெட்டியை மூடினான்.

“என்ட மகள்ட பேர வெட்டிருங்க நானா. அந்தப் பேருக்கு உசிர் தங்குதில்ல.”

“நம்மட கையில என்ன இரிக்கி தம்பி?”

இரங்கல் தீர்மானத்தோடு பெயரை நீக்கினோம். தன் பாம்பையும் என்னிடமே விட்டுப் போனான். இரண்டும் ஒரே நிறம்தான் என்று பேரவை பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. இப்போது அதுவும் ஸிராஜ் மஞ்சள்.

வீசுவதற்கு முன் முட்டைகளைப் பார்த்த றஊப்தான் கேட்டான், சிலுவைகள் எப்படி நேராகின என்று. நேராக்கியவன் நான்தான். கிளெய்டன் போட்டவற்றை அழித்தேன், முட்டைகளைக் கவிழ்த்தேன், மேலே வந்த பக்கத்தில் புதிதாக வரைந்தேன். ஒன்றையாவது உடைத்தேனா? அடைகாக்கும் கோழியும் முட்டையைப் புரட்டத்தான் செய்கிறது.