பாரத்தில் போடவேண்டிய தேதி

ஹலோ... ஹலோ, சிரம்பான் ஆபீசா? எட்மண்ட் அண்ணன் இருக்காங்களா?... ஆ, அண்ணே, நான்தான். லுக்குட் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அர்ச்சுனன்... ஆமா, ஆமா, கேக்குது. சொல்லுங்க.

...ஆமாண்ணே. லோரி டிரைவர் முருகையா போயிட்டாரு. நேத்து காலையில... காட்டுலருந்து கம்யூனிஸ்டுக்காரனுங்க சுட்டுட்டானுங்க. தொடையில குண்டு. அந்தக் காலோடயே லோரிய ஆபீஸ் வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டாரு மனுசன்... இல்ல, வைத்தியம் பாக்குற டிரஸ்ஸர் பக்கத்துத் தோட்டத்துல இருந்தாரு. வந்து சேர அரை மணி நேரம். அதுக்குள்ள இரத்தமெல்லாம்... ம்.

...அகதாதான். ஆயாக்கொட்டகையில புள்ளைங்களப் பாத்துக்குறவ. நம்ம முதலுதவிப் பயிற்சி முடிச்ச பன்னண்டு பேருல அவ ஒருத்திதான் பக்கத்துல இருந்தா. மத்தவங்க ரப்பர் பால்வெட்டுக்குப் போயிட்டாங்க. பெட்டியத் தூக்கிட்டு ஓடி வந்தா... கட்டலண்ணே. கட்டவே இல்ல.

...பயிற்சிக்கு எழுதிக்குடுத்த பாரமா? கையிலதான் இருக்கு. 'பயிற்சியின் நோக்கம்'... இருங்க, படிக்கிறேன். 'முதலுதவி பற்றி நன்கு அறிந்துகொள்வார்கள்.'... அவ்வளவுதான்... நான்தான் எழுதினேன். மூணு நாள் பாடம் எடுத்ததும் நான்தான். தொரை குடுத்த இங்கிலீஷ் புஸ்தகத்தத் தமிழாக்கி, ஒப்பிக்கச் சொன்னேன். ஒப்பிச்சாங்க. பாஸ் போட்டேன்... இல்ல, யாரும் யாருக்கும் கட்டுப்போட்டுப் பாக்கல. துணி வீணாப் போகும்னு... சரி, சரி. கத்தாதீங்க.

...என்ன மாத்தணும்?... ம், சொல்லுங்க, எழுதிக்கிறேன். 'பயிற்சி முடிவில்... ஒவ்வொருவரும்... தம் கையால்... இரத்தம் நிற்கும்படி கட்டுப்போட்டுக் காட்டுவார்.'... நல்லாத்தான் இருக்கு. இத அப்பவே எழுதியிருக்கணும். எழுதியிருந்தா செய்ய வச்சிருப்பேன்.

...தேதியா? பயிற்சி நடந்த போன மாசத் தேதியா?

...இருங்கண்ணே. இருங்க. போன மாசத் தேதி போட்டா என்ன ஆகும்? அகதாவுக்குக் கட்டத் தெரியும், தெரிஞ்சும் வேணும்னே சாக விட்டுட்டான்னு ஆயிடும்ல? அவ கொழுந்தன் மைக்கல்ராஜ் காணாமப் போயி எட்டு மாசம். காட்டுக்குள்ள போயிட்டான்னு போலீசு ரெண்டு தடவ வந்து அவளக் கொடஞ்சு எடுத்தாச்சு. இந்தப் பாரத்தப் பாத்தா நாளைக்கே ஜீப்புல ஏத்திருவானுங்க. வழக்குமில்ல, ஒண்ணுமில்ல, உள்ள போட்டுருவானுங்க. ரெண்டு புள்ளைங்க லா அவளுக்கு.

...என் வேலையா?... தெரியும்... தெரியும்ணே. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. பயமாத்தான் இருக்கு. நீங்க என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க, இல்லைங்கல.

...இல்ல. புதுப் பாரத்துல இன்னைக்குத் தேதிதான். பழைய பாரமும் அப்படியே வரும், பன்னண்டு பாஸும் என் கையெழுத்தும் சேத்து... பிடிவாதமில்லண்ணே.

...அப்ப அவ என்னதான் செஞ்சான்னா?... தெரியும். நான் பக்கத்துலதான் நின்னேன்... போலீசுக்கிட்ட இன்னும் சொல்லல. சாயந்தரம் வர்றாங்க, சொல்லிடுவேன்.

துணிச்சுருளக் கையில வச்சுக்கிட்டு, நேரா நின்னு, பாடத்த ஒப்பிச்சாண்ணே. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே. 'காயத்தின் மேல் துணியை வைத்து'ன்னு. முருகையா அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. நடுவுல ஒரு வார்த்த மறந்துட்டா. என்னையத் திரும்பிப் பாத்தா.

...நானா?

...'உள்ளங்கையால் அழுத்தி'ன்னு எடுத்துக்குடுத்தேன்.

...ஆமா. நின்ன எடத்துலருந்தே. அவ மிச்சத்தையும் தப்பில்லாம சொல்லி முடிச்சா.