மேலே போன மூச்சு

— நம்பலைன்னா நீயே சிலிண்டர் மீட்டர் முள்ளைப் பாரேன் அக்கா. இறங்குதா இல்லையா?

— இறங்குதுடா! இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஆபரேஷன் தியேட்டரையெல்லாம் என் கையாலதானே பூட்டிட்டு வந்தேன். ஒருத்தருக்கும் மயக்க வாயு கொடுக்கலையே. அப்புறம் சிலிண்டரை யாரு காலி பண்றா?

— யாரும் இல்லை. சுவருக்குள்ள ஓடுற குழாய் மூட்டுக்கு மூட்டு கசியுது. நாம வாங்குறதுல முக்கால்வாசி, ஒரு நோயாளி மூக்கைக்கூடப் பார்க்காம மேலே போயிடுது.

— அடேயப்பா! மேலே போய்?

— அங்கேயே இருக்கும். நூறு வருஷத்துக்கும் மேல, பூமியோட சூட்டை வெளியே விடாம பிடிச்சு வச்சுக்கிட்டு. கேளேன், நீ டாக்டரானதுலேருந்து கொடுத்ததெல்லாம் இப்பவும் நம்ம தலைக்கு மேலதான் நிக்குது.

— உயிரைக் காப்பாத்துற இடம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேனே!

— சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்தக் குழாய்க்கு வாயு வர்ற பெரிய வால்வை மூடிடுறேன். மயக்கப் பிரிவுக்கு நீதானே தலைவி.

— பறக்காதே. பிரசவ வலியில துடிக்கிறவகிட்ட வாயு இல்லைன்னு நான் கையை விரிக்கவா?

— கேளேன். கட்டிலுக்குப் பக்கத்துலயே சின்ன சிலிண்டர், தள்ளுவண்டியில. வேணும்னா திற, முடிஞ்சா மூடு. போன வாரம் நீயே சோதிச்சுப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னியே. இன்னும் என்ன தயக்கம்?

— நூறு வருஷம்னா சொன்னே?

— அதுக்கும் மேல.

— அப்போ அம்மாவுக்குக் கொடுத்ததும் அங்கதான் இருக்கும்.

— எந்த அம்மா? நம்ம அம்மாவா?

— நீ பிறந்த அன்னைக்கு. இதே ஆஸ்பத்திரி, இதே குழாய். நான் வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தேன். இதைக் கொடுத்துத் தூங்க வச்சுதான் உன்னை வயித்துலேருந்து எடுத்தாங்க. ரத்தம் நிக்கலை, அவ கண்ணைத் திறக்கவே இல்லை. தாய்க்குக் கொடுத்தா பிள்ளைக்கும் போகும்டா. நீ வீல்னு கத்தினியே முதல் அழுகை, அதுல கொஞ்சம் வெளியே வந்திருக்கும்.

— அப்போ அம்மா கடைசியா விட்ட மூச்சும், நான் முதல்ல விட்ட மூச்சும்...

— மேலே ஒண்ணாக் கலந்துதான் இருக்கு.

— அக்கா, அம்மா மூச்சு வந்த குழாய்னு தெரிஞ்சப்புறம் வால்வை மூட எனக்குக் கை வர மாட்டேங்குது.

— தள்ளு, நான் மூடுறேன். நீயும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற இடம் அது ஒண்ணுதான்டா. அதை இனிமே கொதிக்க விட மாட்டேன்.