இறங்கவிடாத பாஸ்

"ஹலோ... ஹலோ... இருக்கேம்மா, இருக்கேன், வெச்சுடாதே! பாட்டைப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே, நான் மூணு சட்டை தேச்சு முடிச்சுட்டேன்... ஆமா, ஆமா, மலை ரயில் பாஸ்தான். அவரு, நானு, ரெண்டு பிள்ளைங்க... ஒரு வாரம்."

சலவைக்கடைக்காரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இஸ்திரிப்பெட்டியை ஓரமாக நிறுத்தினாள். பின்னறையில் அவள் புருஷன் சலவை மெஷினுக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க ஊர் லிஃப்டுகளுக்கு மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு. அவன் வெளியே வருவதற்குள் இந்தப் பேச்சு முடிந்தாக வேண்டும்.

"உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்பக் கம்மியான பாஸ் எது?... விலையைச் சொல்லலைம்மா. ஏறி இறங்கறது கம்மியா இருக்கணும்... கேலி எல்லாம் இல்லை, நெசமாத்தான் கேக்கறேன்... எல்லாரும் நிறையத்தான் கேப்பாங்க, தெரியும். அவங்க வீட்டுல எங்க வீட்டுக்காரர் இல்லையே!"

அந்தப் பக்கம் ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. இவள் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் கடற்கரைக்குப் போனோம். நாள் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும் ஏறலாம்னு ஒரு பஸ் பாஸ். வாங்கிட்டாரு. அப்புறம் இறங்க விடணுமே! 'இறங்கினா நஷ்டம்'கறாரு... டிரைவர் மாறினாரு, கண்டக்டர் மாறினாரு, நாங்க மட்டும் மாறலை. பெரியவன் வாந்தி எடுத்தான். சின்னவ கால்ல ஒரு பொட்டு மணல் ஒட்டலை. கடலை ஜன்னல்லதாம்மா பாத்தோம்... சிரிக்கிறியா? சிரி, சிரி. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?... அப்ப இன்னும் கொஞ்சம் சிரிச்சுக்கோ."

காலையில் கடை திறந்தால் பூட்டும்வரை அவளுக்கு நின்ற வேலை. சாயந்தரமானால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். அந்த மலைமேல் ஆடாத, அசையாத ஓரிடத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும். அதற்கும் கொடுத்துவைக்கவில்லை என்றால் அழுதுவிடுவோம் என்று அவளுக்கே தோன்றியது.

"மேல ஸ்டேஷன்ல பெஞ்ச் இருக்காம்மா?... சாய்ஞ்சுக்க முதுகு வெச்சதா?... போதும், போதும், ஒண்ணு போதும்... என்னது?... அன்லிமிடெடா? அதே விலைக்கா? அய்யய்யோ, மெதுவாப் பேசு! சலுகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! இவருக்கு மூக்குல வேர்த்துடும்!"

வேர்த்துவிட்டது. கையில் கிரீஸோடு கதவருகே நின்றான்.

"...ஆமாங்க, கோட்டுல இருக்கற கறை போயிடும், புதன்கிழமை வந்து வாங்கிக்கோங்க... இல்லைம்மா, உன் கோட்டு இல்லை..."

அவன் வந்து போனின் மறுபக்கத்தில் காதை ஒட்டிவைத்தான். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"முதல் வண்டி எப்பன்னு கேக்கறாரு... விடியறதுக்கு முன்னாடியேவா? சரி, கடைசி வண்டி?... அவ்வளவு நேரம் ஓட்டுறீங்களா? உனக்கு நான் என்னம்மா பாவம் பண்ணேன்!"

அவன் பழைய பில்லின் முதுகில் ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் அவள் மூளை நன்றாக வேலை செய்யும்.

"ஏம்மா, அந்தப் பாஸ் ஒருத்தருக்கு மட்டும் கிடைக்குமா?... அப்ப அவரு பேருக்கு ஒண்ணு போடு. எனக்கும் பிள்ளைங்களுக்கும் சாதா டிக்கெட். போக ஒண்ணு, வர ஒண்ணு... இரு, ஒரு நிமிஷம்... என்னங்க முழிக்கறீங்க? நாங்க கூட வந்தா உங்களுக்குத்தானே தொல்லை. சின்னவ ஒண்ணுக்கு வருதும்பா, பெரியவன் வாந்தி எடுப்பான், நீங்க இறங்கணும். ரவுண்டு போச்சுன்னா நஷ்டம் யாருக்கு?... அதான். நீங்க ஜாம் ஜாம்னு போங்க. வண்டி வர்றப்ப எல்லாம் பெஞ்சுல இருந்து கையாட்டறோம்."

அவன் யோசித்தான். நஷ்டம் என்ற சொல் வேலை செய்தது. தலையாட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே பின்னறைக்குப் போனான். அவளுக்கு இப்போதே கால் வலி பாதி குறைந்த மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதும்மா. நீ நல்லா இருப்பே... ம்?... இன்னொண்ணா?... பாஸ் வாங்கறவரோட பொண்டாட்டிக்கு இலவசமா? கூடவே எத்தனை தடவை வேணும்னாலும்..."

இலவசம் என்ற சொல்லுக்கு மட்டும் அவனுக்குப் பாம்புக் காது. விசில் நின்றது. அவள் போனையும் வாயையும் சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தாள்.

"நீ சொல்லலை. நான் கேக்கலை. லைன் கட்டாயிடுச்சு... கட்டாகலைன்னு எனக்கும் தெரியும்மா, வைடி போனை!"