மெல்லிசுக்குப் பெரிய லேபிள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரிலிருந்து வரும் டவுன் பஸ். சித்திரை வெயில் கம்பியைத் தொட விடவில்லை. எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர். இளையவளின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க அக்கா, கம்பளி மாதிரி இருக்கறது எப்படிங்க சுகமாகும்?” என்று அவள் கேட்டதும் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

“நீ லேபிளை மாத்தித் தெச்சுட்டியாமா. தையல் லைன் பூரா அதே பேச்சு.”

“குழந்தைத் துணி மூணு ரகமுங்க. லேபிளும் மூணு. கோஸி, கோஸியர், கோஸியஸ்ட். சுகம், அதைவிட சுகம், எல்லாத்தையும்விட சுகம்னு சூப்பர்வைசர் அர்த்தம் சொன்னாரு. எதுக்கு எதுன்னு சொல்லாம போயிட்டாருங்க. மூணு துணியையும் கன்னத்துல வெச்சுப் பார்த்தேன். மெல்லிசா இருந்ததுக்குக் கோஸியஸ்ட்ங்கற பெரிய லேபிளைப் போட்டேன்.”

“அது குளிர் ஊருக்குப் போற துணி கண்ணு. அங்க தடிப்பா இருந்தாத்தான் சுகம்.”

“அவரும் அதேதான் சொன்னாருங்க. அத்தனையும் பிரிச்சு, மாத்தித் தெச்சுக் குடுத்துட்டேன். தப்புன்னு மட்டும் ஒத்துக்கலீங்க. கரண்ட் போன ஊட்டுல அந்தத் தடிப்புத் துணியப் போட்டு ஒரு புள்ளையத் தூங்க வெக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்.”

குழந்தை புரண்டு படுத்தது. மூத்தவள் அதன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது அந்த மெல்லிசுதானே?”

“ரிஜெக்ட் பீஸுங்க. கேட்டு வாங்கிட்டேன்.” கழுத்துப் பட்டியை லேசாகத் திருப்பிக் காட்டினாள். “இதுல மட்டும் லேபிளைப் பிரிக்கலீங்க.”