கடைசித் தந்தி அடங்கும்வரை

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், சார். அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அது கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது.

என் தொழில் தெரியும்தானே. இப்போது வருகிற பாட்டுகளைக் காது கிழிகிற மாதிரி நசுக்கித்தான் விடுகிறார்கள். முணுமுணுப்பும் கத்தலும் ஒரே உயரம். அப்படித் தட்டையாகிப்போன பாட்டை வாங்கி, மெல்லியதை மெல்லியதாகவும் ஓங்கியதை ஓங்கியதாகவும் திரும்ப வைப்பது என் வேலை.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பாட்டு வெளியிடுகிறவன். நான் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்து கொடுப்பதையெல்லாம் சந்தைக்கடை ஆக்கிவிடுவான். கேட்டால், "மாப்ள, சத்தமா இருந்தாத்தான் பஸ்ல கேக்கும்" என்பான். அவனிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

என் மனைவியும் அவன் பக்கமே சாய்ந்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று அவளே கிடார் வாசித்துப் பாடினாள். கடைசி வரியை மெல்ல விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் தூக்கினாள். அண்ணன் அப்படித்தான் கேட்டாராம். மெல்ல வரும்வரை பாடு என்று பதிவறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினேன். கனமான கதவு, உள்பக்கக் கைப்பிடி கழன்று நாளாயிற்று. அவளுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலர் என் மேசைமேல் இருந்தது. அவள் பையில் குலுங்கினால் மைக் பிடித்துவிடும் என்று எப்போதும் நான்தான் வாங்கி வைப்பேன்.

டீ குடிக்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் விழுந்து கிடந்தாள் என்று அப்போது இதே ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன்.

தங்கை செத்த ஈரம் காய்வதற்குள் மச்சான் அந்தப் பதிவை எடுத்துப்போய், வழக்கம்போல் நசுக்கி விற்பனைக்கு விட்டான். முடிவில் தந்தி தேய்ந்து அடங்குகிற இடத்தையும் விடாமல் தூக்கிவிட்டான். அதனால்தான் அங்கே அவள் பேசுவது ஊருக்கே கேட்கிறது: "என்னங்க, மூச்சு வரல. கதவத் திறங்க." கேட்டதும் உங்களிடம் ஓடி வந்திருக்கிறான். மனுஷனா அவன்?

இதோ, நான் சரிசெய்த பாட்டு. எதையும் அழிக்கவில்லை, அழிக்கிறவன் நானில்லை. அந்தப் பேச்சை அது இருந்த அளவுக்கே இறக்கி வைத்தேன், அவ்வளவுதான். போட்டுக் கேளுங்கள், அப்படி ஒரு பேச்சு இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

கடைசித் தந்தி அடங்கும்வரை யாரும் அசையக்கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டுப்பாடு. அன்று அந்தக் கடைசி வரி ஒருவழியாக மெல்ல வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்ததைப் பேசிக் கெடுக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தந்தி அடங்கியது. அதற்குப் பிறகு அவளும் அடங்கினாள்.

சத்தத்தைக் கூட்டாதீர்கள், சார். அன்று இதே அளவில்தான் இருந்தது; எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.